பூச்சிகளின் அறிவெல்லையும் நிறைவு என்னும் பொய்க்கருத்தும்

எமது பாடசாலை விழாக்களிலும் பட்டிமன்ற மேடைகளிலும் பூச்சிகளுக்கு இரண்டு வேடங்களே உள்ளன. ஒன்று ஆசான் வேடம். மற்றையது மூடன் வேடம். எறும்பிடம் சுறுசுறுப்பையும் தேனீயிடம் கூட்டு வாழ்வையும் கற்றுக்கொள்ளுமாறு மாணவர்க்கு உபதேசிக்கப்படுகின்றது. விளக்கில் வீழ்ந்து மடியும் விட்டிலோ ஆசையால் அறிவிழந்தோர்க்கு உவமையாக்கப்படுகின்றது. இவை இலக்கிய வழக்கு என்ற அளவில் நின்றுவிடுமாயின் ஆட்சேபிப்பதற்கு எதுவுமில்லை. ஆயின், இவ்வழக்கின் அடியில் ஓர் எண்ணம் மறைந்து கிடக்கின்றது. அது விஞ்ஞான வகுப்பறையிலும் வேறு சொற்களில் ஒலிக்கின்றது.

அவ்வெண்ணம் இதுதான்: உயிரினம் ஒவ்வொன்றும் தான் வாழும் சூழலுக்கு நிறைவாக இசைவடைந்துள்ளது, கூர்ப்பு என்பது குறைகளைக் களைந்து களைந்து நிறைவை நோக்கிச் செல்லும் பயணம், எறும்பின் ஒழுங்கும் தேனீயின் கணக்கும் அந்நிறைவின் சான்றுகள். உயிரியல் கற்ற மாணவர் இதனை இயற்கைத் தேர்வு என்ற பெயராற் கூறுகின்றார். மேடைப் பேச்சாளர் படைப்பின் அற்புதம் என்ற பெயராற் கூறுகின்றார். பெயர் வேறாயினும் கருத்து ஒன்றே. இக்கருத்துப் பிழையானது என்பதும், இப்பிழை வகுப்பறையோடு நின்றுவிடாது கொழும்பு நகரத்து வைத்தியசாலைப் படுக்கை வரை நீள்கின்றது என்பதுமே இக்கட்டுரையின் வாதமாகும்.

கலைப்பீட மாணவர் ஒருவர் பூச்சியியலிற் புகுவது ஏன் என்று சிலர் வினவக்கூடும். பொருளியல் கற்போர் இவ்வினாவை எழுப்பமாட்டார்கள். எல்லா விபரங்களையும் அறிந்து, இலாப நட்டங்களை வழுவின்றிக் கணித்து முடிவெடுக்கும் 'பொருளாதார மனிதன்' என்னும் கற்பனைப் பாத்திரத்தை ஹேர்பேட் சைமன் 1950களிற் கேள்விக்குள்ளாக்கினார். மனிதன் பெறக்கூடிய தகவலுக்கும் அதனை ஆராயும் ஆற்றலுக்கும் எல்லை உண்டு; ஆகவே அவன் மிகச் சிறந்ததைத் தேடி முடிவின்றி அலையாது, போதுமானது கிடைத்தவிடத்து நின்றுவிடுகின்றான் என்பது அவர் வாதம். 1978இல் அவருக்குப் பொருளியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நிறைவான மனிதனைப் பொருளியல் ஐயுறத் தொடங்கிப் பல தசாப்தங்கள் கழிந்த பின்னரும், நாம் நிறைவான எறும்பையும் நிறைவான தேனீயையும் மேடையேற்றிக்கொண்டிருக்கின்றோம்.

முதலில் அடிப்படையை நோக்குவோம். மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்கள் உள்ளன. தேனீயின் மூளையில் உள்ளவை சுமார் பத்து இலட்சம். 2024இல் பழ ஈயொன்றின் முழு மூளையினதும் நரம்பிணைப்பு வரைபடம் வெளியிடப்பட்டபோது அதில் எண்ணப்பட்ட நரம்புக் கலங்கள் 139,255 மாத்திரமே. இவ்வளவு சிறிய கருவியைக் கொண்டு ஒரு பூச்சி உணவைத் தேட வேண்டும்; பகையைத் தவிர்க்க வேண்டும்; துணையை அடையாளங்காண வேண்டும்; முட்டையிடத் தக்க இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும். அதனைச் சூழ்ந்துள்ள உலகமோ ஒவ்வொரு கணமும் எண்ணற்ற மணங்களையும் நிறங்களையும் அசைவுகளையும் அதன்மீது சொரிந்துகொண்டிருக்கின்றது. இவை யாவற்றையும் ஏற்று ஆராய்வது அதற்கு இயலாத காரியம்.

அவ்வாறாயின் இயற்கைத் தேர்வு இன்னும் பெரிய மூளையை அதற்கு வழங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். நிறைவு வாதிகள் விடைகூற இடர்ப்படும் கேள்வி இதுவே. நரம்பிழையம் செலவு மிகுந்த இழையம். அது ஓய்விலிருக்கும்போதும் சக்தியை உண்கின்றது. மேலும், கற்றல் என்பதே விலை கொடுத்துப் பெறவேண்டிய ஒன்று. சுவிற்சர்லாந்தின் பிறைபூர்க் பல்கலைக்கழகத்தில் மேரி, கவெக்கி ஆகிய இருவரும் பழ ஈக்களைத் தலைமுறை தலைமுறையாகக் கற்றல் திறன் நோக்கித் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். அவ்வாறு பெறப்பட்ட 'கெட்டிக்கார' ஈக்களின் குடம்பிகள், உணவு பற்றாக்குறையாக இருந்த வேளையில், சாதாரண ஈக்களின் குடம்பிகளுடன் போட்டியிட்டுப் பின்தங்கின. 2003இல் வெளியான இம்முடிவு நிறைவுக் கருத்தின் அத்திவாரத்தையே அசைக்கின்றது. அறிவு கூடுவது எப்போதும் நன்மையாயின், அதற்காக ஓர் உயிர் வேறெதனையும் இழக்க வேண்டியதில்லை. இழக்க வேண்டியுள்ளது என்பதே உண்மை.

எனவே பூச்சியினங்கள் வேறொரு வழியிற் சென்றன. உலகத்தின் பெரும்பகுதியைப் பொருட்படுத்தாது விடுவதே அவ்வழி. தேவையான சில குறிகளை மாத்திரம் பற்றிக்கொண்டு, ஏனையவற்றுக்குக் கண்ணையும் மூக்கையும் மூடிக்கொள்ளும் இயல்பு அவற்றின் உடலிலேயே அமைந்துவிட்டது. பூச்சிகளின் இசைவாக்கத்தைப் புரிந்துகொள்ள விரும்புவோர், அவை அறிந்திருப்பவற்றை வியப்பதோடு நில்லாது, அவை அறியாது விட்டவற்றையும் கணக்கெடுத்தல் வேண்டும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு முற்றத்திற் கறிவேப்பிலை வளர்ப்போர் இதற்கான சான்றை நேரிற் கண்டிருப்பர். முதலிற் பறவை எச்சம்போலத் தோன்றிப் பின்னர் பச்சை நிறம் பெறும் புழுக்கள் இளந்தளிர்களை மொட்டையடித்துவிடுகின்றன. இவை எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியினதும் அதன் இனத்தவற்றினதும் புழுக்கள். எலுமிச்சை, தோடை, வில்வம், கறிவேப்பிலை ஆகிய ஒரே குடும்பத் தாவரங்களையே இத்தாய்ப்பூச்சிகள் நாடுகின்றன. இலையிற் சென்றமர்ந்து, முன்னங்கால்களாலே தட்டி, அவற்றிலுள்ள உணர்கலங்களாற் சுவை பார்த்த பின்னரே முட்டையிடுகின்றன. அருகில் எத்தனை செடிகள் செழித்திருப்பினும் அவை கணக்கில் வருவதில்லை. தாவரமுண்ணும் பூச்சிகளிற் பெரும்பாலானவை இவ்வாறு ஒரு சில தாவரங்களுக்குள்ளேயே தம்மை ஒடுக்கிக்கொண்டவை.

இவ்வொடுக்கத்துக்குக் காரணம் யாது? தாவரங்களின் நச்சுப் பொருள்களும் அவற்றை முறியடிக்கப் பூச்சிகள் பெற்ற திறன்களுமே காரணம் என்ற விளக்கத்தை 1964இல் ஏர்லிக், ரேவன் ஆகிய இருவரும் முன்வைத்தனர். அவ்விளக்கம் இன்றும் வலுவுடையதே. எனினும் அது முழு விளக்கமன்று. நச்சுத்தன்மை இல்லாத, புழு உண்டு வளரக்கூடிய செடிகளையும் தாய்ப்பூச்சிகள் புறக்கணிப்பதுண்டு. இங்கேதான் எலிசபெத் பேர்ணெய்ஸ் என்ற பூச்சியியலாளர் வற்புறுத்திய நரம்பு எல்லை பற்றிய கருத்து முக்கியம் பெறுகின்றது. பலவகைச் செடிகள் கலந்துள்ள இடத்தில் விடப்பட்ட பூச்சி, ஒரே செடி உள்ள இடத்தில் விடப்பட்ட பூச்சியிலும் பார்க்கத் தடுமாறுகின்றது, முடிவெடுக்கத் தாமதிக்கின்றது, தொடங்கிய உணவை இடையில் விட்டு வேறொன்றை நாடுகின்றது. பறவையும் சிலந்தியும் காத்திருக்கும் உலகில் இத்தாமதம் உயிராபத்து.

இதே கருத்தைச் சுவீடனில் யான்ஸ், நீலின் ஆகியோர் வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு சோதித்து 1997இல் வெளியிட்டனர். எமது காஞ்சொறியை ஒத்த ஒரு செடியை மாத்திரம் நாடும் இனங்கள், அச்செடியில் நல்லதையும் தரங்குறைந்ததையும் பிரித்தறிந்தன. பல செடிகளை நாடும் இனங்கள் அந்த நுண்ணிய வேறுபாட்டைக் கண்டுகொள்ளவில்லை. பல கடைகளின் விலைப்பட்டியலையும் மனனஞ்செய்ய முயல்பவர் ஒரு கடையின் தராசைக் கவனிக்கத் தவறுவது போன்றது இது. அகலத்தைப் பெற்றது ஆழத்தை இழந்தது. ஆழத்தைப் பெற்றது அகலத்தை இழந்தது. இதில் எது நிறைவு? இரண்டுமே நிறைவல்ல. இரண்டும் வெவ்வேறு விலைகொடுத்துச் செய்துகொண்ட உடன்பாடுகள்.

இக்கருத்தே தாவரமுண்ணிகளின் ஒடுக்கத்துக்கு ஒரே விளக்கம் என்று வாதிடுவதும் பிறிதொரு பிடிவாதமாகும். தாவர நஞ்சும், பகையுயிர்களும், துணையைச் சந்திக்கும் இடமும் தத்தம் பங்கை வகிக்கின்றன. பகையுயிர்களின் பங்கைப் பேர்ணெய்ஸே பலமாக வலியுறுத்தியவர். ஆனால் எல்லாக் காரணிகளையும் எண்ணியவிடத்தும், பூச்சியின் கவன எல்லையை எண்ணாது விட்ட கணக்கு குறைக்கணக்கே.

இனி எமது அயலுக்கு வருவோம். பொரளைச் சந்தியைச் சுற்றியுள்ள சிறு வட்டத்துள் மருத்துவ ஆராய்ச்சி நிலையமும், சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும், கனத்தை மயானமும் அடங்கியுள்ளன. நோயை ஆராயுமிடம், நோயுற்ற குழந்தைகளைக் கிடத்துமிடம், மாண்டோரைப் புதைக்குமிடம் ஆகிய மூன்றும் இவ்வாறு அடுத்தடுத்து அமைந்த நகர்ப்பகுதியில், ஈடிஸ் ஈஜிப்தி என்னும் டெங்கு நுளம்பைப் பற்றி எழுதுவோர் அதனை வெறும் பாடப்பொருளாகக் கருத இயலாது.

இந்நுளம்பு மனிதனைக் கண்டடையும் முறையை நோக்குக. முதலில் மூச்சுக் காற்றின் காபனீரொட்சைட்டு அதன் உணர்வுறுப்பைத் தொடவேண்டும். அதுவரை கண்முன்னே நிற்கும் கரிய உருவங்களை அது பெரிதும் பொருட்படுத்துவதில்லை. அவ்வாயுவை முகர்ந்த பின்னரே கண்ணின் வழி திறக்கின்றது. கரிய உருவத்தை நோக்கிப் பறக்கின்றது. மிக அண்மித்தபின் உடற்சூடும் ஈரமும் தோலின் மணமும் வழிகாட்டுகின்றன. ஒரே நேரத்தில் யாவற்றையும் ஆராய்வதற்குப் பதிலாக, ஒரு குறி அடுத்த குறிக்குக் கதவைத் திறந்துவிடும் ஒழுங்கு இது. சிறிய மூளையின் சிக்கனம் இவ்வாறு செயற்படுகின்றது.

மனிதத் தோலின் மணத்திலோ பல நூறு சேர்வைகள் கலந்துள்ளன. அவற்றுட் பல ஏனைய விலங்குகளின் மணத்திலும் உள்ளன. மனிதனை ஆட்டிலிருந்தும் நாயிலிருந்தும் பிரித்தறிவதற்கு நுளம்பு இவை யாவற்றையும் அளந்து ஒப்பிடுவதில்லை. அதன் மூளையிற் சுமார் அறுபது மணமுடிச்சுகள் உள்ளன. மனிதத் தோலின் எண்ணெய்ப் பசையில் மிகுதியாக உள்ள இரண்டொரு நீண்ட சங்கிலி அல்டிகைட்டுகளுக்கு அவற்றில் ஒரு முடிச்சு வலுவாகத் துலங்குவதை 2022இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இத்தனை நூறு மணங்களுள் ஓரிரண்டைப் பிடித்துக்கொண்டு மனிதனை அது இனங்காண்கின்றது.

இப்பழக்கம் ஆதியிலிருந்தே அமைந்ததன்று. ஈடிஸ் ஈஜிப்தியின் மூதாதையர் ஆபிரிக்கக் காடுகளில் மரப்பொந்துகளிற் தேங்கிய நீரில் வளர்ந்து, பலவகை விலங்குகளின் குருதியை உண்டவை. கென்யாவின் ரபாய் பகுதியிற் காட்டுவகையும் வீட்டுவகையும் அண்மையண்மையாக வாழ்ந்தமை அறியப்பட்டு, இவ்விரண்டின் வேறுபாட்டில் மணவாங்கிப் பரம்பரையலகு ஒன்றின் பங்கு 2014இல் விளக்கப்பட்டது. நீண்ட வரட்சிக் காலமுள்ள பிரதேசங்களில், மனிதர் சேமித்து வைத்த நீரே முட்டையிட எஞ்சியிருந்த நீராயிற்று. நீர் உள்ள இடத்தில் மனிதரும் இருந்தனர். அங்கேதான் இந்த ஒடுக்கம் நிகழ்ந்தது என்று கருதுவதற்குத் தக்க ஆதாரம் உண்டு. கறிவேப்பிலைக்குள் ஒடுங்கிய வண்ணத்துப்பூச்சியைப் போல, எமது நுளம்பு எமக்குள் ஒடுங்கிவிட்டது.

முட்டையிடுதலிலும் இதே சிக்கனம். இருள், ஈரம், சொரசொரப்பான சுவர், அழுகும் இலையில் வளரும் பற்றீரியாக்களின் மணம் ஆகிய சில குறிகள் பொருந்தியதும் பெண் நுளம்பு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையிடுகின்றது. மரப்பொந்துக்கென அமைந்த இக்குறிகள் யாவும் ரயரிலும், பூச்சாடியிலும், அடைபட்ட பீலியிலும், எறியப்பட்ட யோகட் கோப்பையிலும் பொருந்துகின்றன. அந்நீர் நாளை வற்றுமா, எவரேனும் அதனைக் கவிழ்ப்பரா என்பதை அறியும் ஆற்றல் அதற்கில்லை. அவ்வறியாமைக்கு ஈடாக இரண்டு பழக்கங்கள் அமைந்துள்ளன. முட்டைகளை ஒரே இடத்தில் இடாது பல பாத்திரங்களிற் பகிர்ந்திடுகின்றது. இட்ட முட்டைகள் நீரின்றியும் மாதக்கணக்கில் உயிர்தாங்குகின்றன. எதிர்காலத்தை அறிய முடியாத உயிர், அறியாமையையே கருத்திற் கொண்டு வாழும் வகை இது. இசைவாக்கம் என்ற சொல்லுக்கு இதனிலும் பொருத்தமான விளக்கம் வேறு தேவையில்லை.

சில குறிகளை மாத்திரம் நம்பி வாழும் உயிர், அக்குறிகள் பொய்க்கும்போது வீழ்ந்தே தீரும். அவுஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் ஒருவகை ஆண் வண்டுகள், வீதியோரத்தில் எறியப்பட்ட கபில நிறப் பியர்ப் போத்தல்களைப் பெண் வண்டுகளெனக் கொண்டு அவற்றோடு கூட முயன்று, வெயிலிலும் எறும்புக் கடியிலும் மடிந்தமை 1983இல் எடுத்துரைக்கப்பட்டது. பளபளப்பு, கபில நிறம், சிறு புடைப்புகள் ஆகிய குறிகள் போத்தலில் மிகையாக இருந்தன. 'பெண் வண்டு இதனிலும் சிறிது' என்ற ஐயத்தை எழுப்புவதற்கு அவ்வண்டின் மூளையில் இடமிருக்கவில்லை. போத்தல் இல்லாத உலகில் அந்த ஐயம் தேவைப்பட்டதுமில்லை.

எமது கவிஞர்களின் விட்டிலும் இவ்வகையினதே. 2024இல் வெளியான ஓர் ஆய்வு, அதிவேகப் படப்பிடிப்பின் துணைகொண்டு, விளக்கைச் சுற்றும் பூச்சிகள் தமது முதுகை ஒளியின் பக்கம் திருப்புகின்றன எனக் காட்டியது. இரவிலும் வானமே நிலத்திலும் பார்க்க ஒளியுடையது; ஆகவே முதுகை ஒளிக்குக் காட்டினால் உடல் நேராகப் பறக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் வழுவாத விதி இது. நாம் அருகில் ஒரு விளக்கை ஏற்றியதும் மேல் எது, கீழ் எது என்ற அதன் உணர்வு குலைகின்றது. விட்டில் ஆசையால் வீழவில்லை. வானம் எங்கேயுள்ளது என்பதை நாம் பொய்ப்பித்தமையால் வீழ்கின்றது. இதன் பின்னரும் விட்டிலைக் காமுகனுக்கு உவமிக்கும் கட்டுரைகளை மாணவர் எழுதுவாராயின், அது மரபைப் போற்றலாகாது, படியாமையாகும்.

இதனின்று பெறப்படும் உண்மை மிகப் பொதுவானது. 'தக்கன பிழைத்தல்' என்ற தொடரை ஹேர்பேட் ஸ்பென்சர் 1864இல் ஆக்கினார். அதனை வல்லமைக்கும் செல்வத்துக்கும் நியாயம் கற்பிக்கும் மந்திரமாக ஓதுவோர் இன்றும் உளர். ஆனால் தகுதி என்பது நேற்றைய உலகில், குறைவான தகவலைக் கொண்டு, போதுமான அளவுக்கு அமைந்த தகுதியே. இன்றைய உலகுக்கு அது உத்தரவாதம் அளிப்பதில்லை. பியர்ப் போத்தலைத் தழுவி மடிந்த வண்டும் 'தக்கது' என்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பரம்பரையின் வாரிசுதான்.

ஆனால் இவ்விடத்தில் மறுபுறத்துப் பிழை ஒன்று எழக்கூடும். பூச்சியின் அறிவு குறைவெனின் அதனை எளிதில் வென்றுவிடலாம் என்ற செருக்கே அது. அச்செருக்கின் வரலாற்றை இலங்கை நன்கறியும். 1934–35இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்து, ஆறுகள் வற்றித் தனித்தனிக் குட்டைகளாயின. தெளிந்த, வெயில்படும், அசையாத நீரைக் குறியாகக் கொள்ளும் அனோபிலிஸ் குலிசிபேசிஸ் நுளம்புக்கு அக்குறி எங்கெங்கும் கிடைத்தது. மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 பேர் பலியாயினர். 1940களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. தெளிப்புத் தொடங்கியது. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே. வெற்றி முழக்கமிடப்பட்டது, தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. 1960களின் இறுதியில் நோய் மீண்டும் சீறியெழுந்து, 1969இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பீடித்தது. தெளிப்பை மீள ஆரம்பித்தபோது நுளம்பு டி.டி.ரி.க்கு எதிர்ப்புப் பெற்றுவிட்டமை தெரியவந்து, 1970களில் மலத்தியனை நாடவேண்டியதாயிற்று.

தனியொரு நுளம்பு டி.டி.ரி. பற்றி எதையும் கற்றதில்லை. கற்பதற்கு அதன் ஆயுளும் போதாது, மூளையும் போதாது. ஆனால் ஒரு சில வாரங்களுக்கு ஒரு தலைமுறை, ஒவ்வொரு தலைமுறையிலும் எண்ணற்ற உயிர்கள் என்ற கணக்கில், சாவே அங்கு ஆசிரியனாகின்றது. மூளை செய்யாத கற்றலைப் பரம்பரை செய்து முடிக்கின்றது. டி.டி.ரி.யும் இன்றைய பைரத்ரொயிட்டு நஞ்சுகளும் நரம்புக் கலத்தின் சோடியம் வாயிலைத் தாக்குவன. அவ்வாயிலின் அமைப்பை மாற்றி நஞ்சுக்கு ஈடுகொடுக்கும் பரம்பரையலகு மாற்றங்கள் இலங்கையின் ஈடிஸ் நுளம்புகளிலும் கண்டறியப்பட்டுள்ளன. தகவலைக் கடத்தும் நரம்பையே நாம் தாக்கினோம். அந்நரம்பையே கூர்ப்பு திருத்திக்கொண்டது. நுளம்பை நிறைவானதென்று வணங்குவோரும், அற்பமானதென்று இகழ்வோரும் ஒருங்கே தவறவிட்ட உண்மை இதுவாகும். தனி உயிர் அறியாமையுடையது. இனம் விரைவாகத் திருந்துவது.

இவ்வுண்மையை ஏற்காத மனப்பாங்கின் இன்றைய வடிவமே புகை இயந்திரத்தின்மீது நாம் கொண்ட பக்தி. தெருவிற் புகை பரவக் கண்டாற்றான் ஏதோ செய்யப்படுகின்றது என்ற திருப்தி எமக்கு உண்டாகின்றது. புகை வெளியிற் பறக்கும் நுளம்பைக் கொல்லும். அலுமாரியின் பின்னே ஒதுங்கியிருக்கும் நுளம்பைப் பெரும்பாலும் எட்டாது. பாத்திரச் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டையை எதுவும் செய்யாது. நோய் வெடித்த வேளையில் அதற்கு ஓர் இடமுண்டு. அதனையே தீர்வாகக் கொள்வது, எதிர்ப்புத் திறனுள்ள நுளம்புகளைப் பொறுக்கியெடுத்து வளர்க்கும் பண்ணையை நாமே நடத்துவதற்கு ஒப்பாகும்.

2017ஆம் ஆண்டை மறத்தலாகாது. அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் நகரக் குப்பை ஒதுக்க இடமின்றித் தெருக்களிற் தேங்கியது. மழையும் சேர்ந்தது. அவ்வாண்டில் நாடெங்கும் 186,101 பேர் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்டனர். நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கழித்தெறியப்பட்ட ஒவ்வொரு கோப்பையும் நுளம்பின் சிறிய அகராதியிலுள்ள மரப்பொந்து என்ற சொல்லுக்கு நாம் எழுதிக்கொடுத்த புதுப்பொருள் அல்லவா?

நுளம்புப் பெருக்கத்தைத் தடுப்பதற்கு 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் உள்ளது. சட்டம் வேண்டியதே. ஆயின் பொதுக்குழாயில் நீர் பிடித்துப் பீப்பாயிற் சேமிக்கும் தோட்டத்துக் குடும்பம் குற்றவாளியாகின்றது. அக்குடும்பத்துக்குத் தடையற்ற குழாய்நீர் கிடைக்காதவாறு நகரைத் திட்டமிட்ட ஒழுங்கு எந்த நீதிமன்றத்திலும் நிற்பதில்லை. ஆபிரிக்க வரட்சியில் மனிதரின் நீர்ப்பானையே நுளம்பை மனிதனிடம் அழைத்துவந்தது என்பதை மேலே கண்டோம். கொழும்பின் தோட்டங்களில் அதே பானையை அதே தேவைக்காக நாம் இன்றும் வைத்திருக்கச் செய்துள்ளோம். நுளம்பின் இசைவாக்கத்தில் எமது சமூக அமைப்பும் ஒரு பங்காளி.

இறுதியாக ஓர் ஆட்சேபம். பெருவண்டுத் தேனீக்கள் நூலை இழுத்து உணவைப் பெறவும், பந்தை உருட்டிப் பரிசு பெறவும் கற்றுக்கொண்டமையை 2016, 2017ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டியுள்ளனவே. அவ்வாறாயின் அறிவெல்லை என்ற பேச்சு எதற்கு என்று வினவலாம். அவ்வாய்வுகள் எமது வாதத்தை மறுக்கவில்லை, செம்மைப்படுத்துகின்றன. பூச்சி முட்டாளன்று. அதன் கருவி சிறிது. அச்சிறு கருவியை எதற்குச் செலவிடுவது என்பதையே அதன் வாழ்க்கைமுறை தீர்மானித்துள்ளது. மலர்கள் நாளுக்கு நாள் மாறும் உலகிற் தேனீ கற்கின்றது. குறிகள் மாறாதிருந்த உலகில் வண்டு கற்காமலே வாழ்ந்தது. எல்லை என்ற ஒன்று உள்ளமையாற்றான் இத்தெரிவு அவசியமாயிற்று.

எனவே வேண்டப்படுவன மூன்று. முதலாவதாக, தமிழிற் கூர்ப்பைக் கற்பிப்போர், 'சூழலுக்கு நிறைவாக இசைவடைந்தது' என்னும் வாய்பாட்டைக் கைவிட்டு, எதற்கு, எதனை இழந்து, எந்த அறியாமையோடு இசைவடைந்தது என்று கேட்கப் பழக்குதல் வேண்டும். இரண்டாவதாக, க.பொ.த. உயர்தரத்தில் ஒருமுறை பிரிந்த கலையும் விஞ்ஞானமும் பல்கலைக்கழகத்திலாவது ஒன்றையொன்று வாசித்தல் வேண்டும். இத்தகைய மலர்களில் உவமைக்காக மாத்திரம் பூச்சி வந்துபோகும் நிலை மாறவேண்டும். மூன்றாவதாக, நகரின் நுளம்புத் தடுப்பு, புகையிலிருந்து குறிகளுக்குத் திரும்புதல் வேண்டும். நுளம்பு நாடும் இருளையும் ஈரத்தையும் மணத்தையும் கொண்ட முட்டைப்பொறிகள், ஒழுங்கான குப்பை அகற்றல், தோட்டங்களுக்குத் தடையற்ற குழாய்நீர் ஆகியவை அதன் அறிவெல்லையை எமக்குச் சாதகமாக்கும் வழிகள்.

மலேரியாவின் வரலாறு இதற்கு ஆதாரம். 2012இல் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளருக்குப் பின்னர், 2016 செப்ரெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. நஞ்சு மாத்திரம் அதனைச் சாதித்திருக்குமாயின் 1963இலேயே கதை முடிந்திருக்கும். ஒவ்வொரு நோயாளரையும் தேடிக் கண்டறிந்து, நுளம்பின் இடத்தையும் பழக்கத்தையும் இடைவிடாது நோக்கிய பொறுமையே வென்றது. ஆயினும் 2017இல், நகரக் கிணறுகளிலும் நீர்த்தாங்கிகளிலும் பெருகவல்ல அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்னும் புதிய நுளம்பு மன்னாரிற் கண்டறியப்பட்டது. அது எமது நீரைத் தன் சில குறிகளைக் கொண்டே தேடி வந்துள்ளது. அதன் குறிகளைக் கற்பதற்கு எமக்கு அதனினும் பெரிய மூளை உண்டு. அதனைப் பயன்படுத்துவோமா, மீண்டும் புகைக்குப் பின்னே ஒளிந்துகொள்வோமா என்பதே இப்போதுள்ள கேள்வி.